கோல்காவில் இறங்க நான்கு வழி: எண்ண வேண்டியது காசையா, ராத்திரியையா?

பெரு போகிறேன், கோல்கா பள்ளத்தாக்கில் இறங்கி ஏறலாம் என்று இருக்கிறேன் என்று யார் சொன்னாலும் அடுத்து வருகிற கேள்வி ஒன்றுதான். ஏஜென்சியில் பணம் கட்டிக் குழுவோடு போவதா, நாமே பஸ் பிடித்துப் போய் நடப்பதா, எது மலிவு? போவதற்கு முன்னால் நானும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஒரு எக்செல் ஷீட் முழுக்கக் கணக்குப் போட்டு, கடைசியில் சொந்தமாகப் போவதுதான் சிக்கனம் என்று முடிவு கட்டிக் கிளம்பினேன். கணக்கு தப்பு. அதைவிட, கேள்வியே தப்பு. பள்ளத்தாக்குக்குள் எத்தனை ராத்திரி தங்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்தால் மற்றதெல்லாம் தானாக இடத்துக்கு வந்துவிடும்.

நாங்கள் மூன்று பேர் போனோம். நான், அக்கா, மாமா. மாமாவுக்கு ஐம்பத்தெட்டு வயது, இடது முழங்காலில் பழைய தகராறு ஒன்று உண்டு. அதனால் அவர்கள் இருவரும் ஒருநாள் வேன் பயணம் போனார்கள், நான் தனியாகப் போய் மூன்று நாள் நடந்தேன். அரெகிப்பா விடுதியில் எங்கள் அறைக்குப் பக்கத்து அறையில் இருந்த சிலி நாட்டுப் பெண் இரண்டு நாள் குழு நடையில் போய் வந்தாள். ஆக ஒரே வாரத்தில் மூன்று வழியின் கதையும் ஒரே சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. நான்காவதான மூன்று நாள் குழு நடையில் வந்தவர்களோடு நான் பாதி வழி கூடவே நடந்தேன், அதனால் அதையும் ஓரளவு பார்த்தாயிற்று.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். கோல்கா தெற்குப் பெருவில், அரெகிப்பா நகரத்துக்கு வடக்கே இருக்கிறது. ஆழம் 3,270 மீட்டர் என்று எல்லாப் பலகையிலும் போட்டிருப்பார்கள், அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் 1,800 மீட்டர்தான் என்பதையும் மறக்காமல் சேர்த்துச் சொல்வார்கள். இதைப் பார்த்து அக்கா மிரண்டுவிட்டாள். அந்த ஆழம் பக்கத்து மலைகளின் உச்சியிலிருந்து அளந்தது. நடக்கிறவர்கள் இறங்குவது கபனகோண்டே என்கிற ஊரிலிருந்து. அது 3,287 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே ஆற்றங்கரையில் இருக்கும் சங்கயே சோலை கிட்டத்தட்ட 2,180 மீட்டர். ஆக இறக்கமும் ஏற்றமும் தலா சுமார் 1,100 மீட்டர். ஒரு மாடிக்கு மூன்று மீட்டர் என்று வைத்தால் முந்நூற்று அறுபத்துச் சொச்சம் மாடி. லிப்ட் கிடையாது, கைப்பிடி கிடையாது, மேலே போகப் போகக் காற்றும் குறைச்சல்.

ஒருநாள் வேன்

விடிகாலை மூன்று மணிக்கு விடுதி வாசலில் வந்து ஏற்றிக்கொள்வார்கள். (மூன்று என்றால் மூன்றே முக்கால் என்று பொருள். அரெகிப்பாவில் அந்த நேரத்துக் குளிரில் வாசல் படியில் உட்கார்ந்திருப்பது தனி அனுபவம்.) ஆறரை ஏழு மணிவாக்கில் சிவாய் என்கிற ஊரில் காலைச் சாப்பாடு. பெயர்ப் பலகையைப் பார்த்ததும் அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு நமசிவாய என்றாளாம், மாமா இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். அப்புறம் குரூஸ் தெல் கோண்டோர் என்கிற விளிம்பு, அங்கே காண்டோர் கழுகுகள். இறக்கையை விரித்தால் மூன்று மீட்டர் அகலம், உடம்பு பதினைந்து கிலோ வரை வரும் பறவை அது. அந்தக் கனத்தோடு ரொம்ப நேரம் இறக்கையை அடித்துப் பறக்க முடியாது, பள்ளத்தாக்குச் சுவர் வெயிலில் சூடாகி வெப்பக் காற்று மேலே எழும்பும்வரை காத்திருந்து, அதில் மிதந்து ஏறும். எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் அங்கே நிற்க வேண்டும் என்பது இதனால்தான். மாமா ஒன்பது கழுகு எண்ணினாராம். ஒன்று தலைக்கு மேலே போனபோது இறகுகளுக்கு நடுவே காற்று சீறும் சத்தம் கேட்டது என்று சொன்னார்.

திரும்பும் வழியில் வெந்நீர் ஊற்று, பஃபே சாப்பாடு, ரோட்டோரக் கிராமங்களில் பத்துப் பத்து நிமிடம், அப்புறம் 4,910 மீட்டர் உயரத்தில் பட்டபம்பா கணவாய். அங்கே இறங்கி எரிமலைகளைப் பார்த்துப் படம் எடுக்கலாம். 2016 நவம்பரிலிருந்து புகைந்துகொண்டிருக்கும் சபன்காயாவை மாமா அங்கிருந்துதான் பார்த்தார். மாலை ஐந்து ஐந்தரைக்கு அரெகிப்பா.

செலவு: வேனுக்கு 80 சோல், உள்ளே போக 70 சோல் டிக்கெட், சாப்பாடு 35, வெந்நீர்க் குளம் 20. மொத்தம் 205. ஒரு சோலை 25 ரூபாய் என்று வைத்தால் மனக்கணக்குக்கு எளிது, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஐயாயிரத்துச் சொச்சம் ரூபாய். இங்கே நான் கொடுக்கிற விலையெல்லாம் எங்கள் கையிலிருந்து போனது, சீசனைப் பொறுத்து மாறும்.

முழங்கால் சரியில்லாதவர்களுக்கு, சின்னக் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு, இது போதும், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று: இந்தப் பயணத்தில் பள்ளத்தாக்கை விளிம்பிலிருந்து எட்டித்தான் பார்ப்பீர்கள். பதினான்கு மணி நேரத்தில் பாதிக்கு மேல் வேன் சீட்டு. தூக்கமும் இல்லாமல் 2,335 மீட்டர் அரெகிப்பாவிலிருந்து ஒரே மூச்சில் 4,900க்கு ஏறி இறங்குவதால் வேனில் பாதிப் பேருக்குத் தலைவலி. அக்காவுக்கும்தான்.

இரண்டு நாள் குழு நடை

ஏஜென்சிக்காரர்கள் அதிகம் விற்பது இதைத்தான். அரெகிப்பா மத்தியச் சதுக்கத்தைச் சுற்றி நடந்தாலே பத்துக் கடையில் இதே அட்டைப் படத்தை நீட்டுவார்கள். 150 சோல் சுற்றி விலை. பேரம் பேசினால் கொஞ்சம் குறையும், ஆனால் எந்தக் கடையில் கட்டினாலும் பெரும்பாலும் எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே வேனில்தான் ஏற்றுகிறார்கள். சிலிப் பெண் 140 கட்டியிருந்தாள், பக்கத்து சீட்டில் இருந்த ஜெர்மன் பையன் 190 கட்டியிருந்தான், இருவருக்கும் ஒரே வழிகாட்டி, ஒரே சூப். அவளிடம் தங்குமிடத்தில் வெந்நீர் உண்டு என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருக்கிறார்கள். சங்கயேயில் அவள் குடிசையில் வெந்நீரும் இல்லை, விளக்கும் எட்டரைக்கு மேல் இல்லை.

வேன் ஒருநாள் பயணம் போகிற அதே நேரம், அதே வழி. கழுகு பார்த்துவிட்டுக் கபனகோண்டே வந்து சேரும்போது மணி பத்து. அதாவது வெயில் ஏறுகிற நேரத்தில் இறங்கத் தொடங்குகிறீர்கள். மூன்று மணி நேரம் சரளைக்கல் பாதையில் இறங்கி, ஆற்றுப் பாலம் தாண்டி, சான் ஹுவான் தே சுச்சோ கிராமத்தில் மதியச் சாப்பாடு. அங்கே படுத்தால் தேவலை என்று இருக்கும். ஆனால் இரண்டு நாள்காரர்கள் எழுந்து எதிர்க்கரையில் மறுபடியும் ஏறி, கோஸ்ஞிர்வா, மலாட்டா கிராமங்கள் வழியாகப் போய், திரும்ப ஆற்றுக்கு இறங்கிச் சங்கயே சேர வேண்டும். சேரும்போது மணி ஐந்து. ஆறு மணிக்கு இருட்டு. காலை நாலரைக்குத் தலைவிளக்கு மாட்டிக்கொண்டு ஏற்றம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நீச்சல் குளங்களும் பனை வகை மரங்களும் இருக்கிற சோலை என்று படத்தில் காட்டியிருப்பார்கள், அந்தச் சோலையில் பகல் வெளிச்சத்தில் நீங்கள் இருப்பது ஒரு மணி நேரம். குளத்தில் இறங்கினால் அதற்குள் தண்ணீர் சில்லென்று ஆகியிருக்கும். சிலிப் பெண் சொன்னது: "ரொம்ப அழகாக இருந்தது, ஆனால் நான் பார்த்தது முக்கால்வாசி என் முன்னால் போனவனின் குதிகால்."

செலவு: 150, டிக்கெட் 70, இரண்டாம் நாள் மதியச் சாப்பாடு 35, வெந்நீர்க் குளம் 20, தண்ணீர், பிஸ்கட் 30, வழிகாட்டிக்கு 20. மொத்தம் 325 சோல், எட்டாயிரத்து நூற்றுச் சொச்சம் ரூபாய்.

மூன்று நாள் குழு நடை

அதே வேன், அதே மூன்று மணி, அதே பத்து மணி இறக்கம். ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் செருப்பு மாட்டிக்கொண்டு சான் ஹுவானிலேயே இருந்துவிடுகிறார்கள். மறுநாள் மூன்று நான்கு மணி நேரம் நிதானமாக நடந்து பன்னிரண்டு ஒரு மணிக்குச் சங்கயே. வெயிலில் குளம், மத்தியானம் முழுக்க ஓய்வு. மூன்றாம் நாள் ஏற்றம். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் ஆளின் முகமே வேறு மாதிரி இருக்கிறது.

அந்த இரண்டாம் நாள் காலையில்தான் நான் இவர்களோடு ஒட்டிக்கொண்டேன். மலாட்டா போகிற வழியில் வழிகாட்டி ஒரு சப்பாத்திக் கள்ளி மடலில் திருநீறு பூசினாற்போல இருந்த வெள்ளைப் பூச்சை நகத்தால் சுரண்டி எடுத்தார். அதற்குள்ளே மிளகு அளவுக்கு ஒரு பூச்சி. உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்கினார், ரத்தம் மாதிரி ஒரு சிவப்பு கை முழுக்கப் பரவியது. கோச்சினியல். உதட்டுச்சாயத்திலும் தயிர் டப்பாவிலும் போடுகிற சிவப்பு இதுதான். பக்கத்தில் இருந்த செடியின் எலுமிச்சையைப் பிழிந்ததும் அதே சிவப்பு ஆரஞ்சாக மாறியது. சிலிப் பெண்ணின் குழு இந்த இடத்தைத் தாண்டியபோது மணி மூன்றரை, யாரும் எதற்கும் நிற்கவில்லை. மூன்றாவது நாளுக்குக் கொடுக்கிற காசு இதற்குத்தான்.

காசு எவ்வளவு என்கிறீர்களா? ஏஜென்சிக்கு 190, டிக்கெட் 70, மதியச் சாப்பாடு 35, குளம் 20, தண்ணீர் வகையறா 45, வழிகாட்டிக்கு 30. மொத்தம் 390. இரண்டு நாள் நடையைவிட 65 சோல் கூட, ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் ரூபாய். விமான டிக்கெட்டுக்கு லட்சத்துக்கு மேல் கொடுத்து உலகத்தின் அந்தப் பக்கம் போய் இறங்கிவிட்டு ஆயிரத்து அறுநூறு ரூபாயில் கஞ்சத்தனம் பார்ப்பது, கல்யாணத்தைப் பண்ணிவிட்டுத் தாம்பூலப் பையில் தேங்காயைக் குறைத்த கதை. நாள் இல்லை என்றால் சரி, அது வேறு. நாள் இருந்தும் காசுக்காக இரண்டு நாளை எடுக்காதீர்கள்.

நாமே போவது

நான் செய்தது இது. அரெகிப்பா பஸ் நிலையத்திலிருந்து கபனகோண்டேக்கு நேர் பஸ், சிவாய் வழியாக ஆறு மணி நேரம், 25 சோல். சிவாய்க்குப் பக்கத்தில், கோல்காவை நிர்வகிக்கிற அவுட்டோகோல்கா என்கிற அமைப்பின் ஆட்கள் பஸ்ஸில் ஏறி வெளிநாட்டுக்காரர்களைத் தேடிப் பிடித்து 70 சோல் டிக்கெட் கொடுப்பார்கள். அதைத் தொலைக்காதீர்கள், கழுகு விளிம்பில் மறுபடியும் கேட்பார்கள். முதல் ராத்திரி கபனகோண்டே. மறுநாள் காலை ஆறரைக்கே இறங்கத் தொடங்கினேன், பாதிப் பாதை நிழல். நான் கீழே பாலத்தில் கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது வேன்காரர்கள் இன்னும் மேலே கபனகோண்டேக்கே வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள். நாமே போவதன் பெரிய லாபம் இந்த மூன்று மணி நேரம்தான், காசு இல்லை.

எப்படி என்று பாருங்கள். பஸ் போக வர 50. டிக்கெட் 70. கபனகோண்டே அறை 40, ராத்திரிச் சாப்பாடு 20, காலைக்கு 10. பள்ளத்தாக்குக்குள் இரண்டு ராத்திரி அறை 80, இரண்டு ராத்திரிச் சாப்பாடு 40, இரண்டு காலைச் சாப்பாடு 24, மூன்று மதியம் 45, தண்ணீரும் கொறிப்பதும் 45. மொத்தம் 424 சோல். குழுவோடு மூன்று நாள் போனவர்களைவிட எனக்கு 34 சோல் கூடத்தான் ஆனது, வழிகாட்டியும் இல்லாமல், வெந்நீர்க் குளமும் இல்லாமல். ஏஜென்சிகள் மொத்தமாக ஆள் கொண்டுவருவதால் அறையும் சாப்பாடும் அவர்களுக்குப் பாதி விலையில் கிடைக்கிறது, தனியாகப் போய் நிற்கிறவனுக்குப் பலகையில் எழுதியிருக்கும் விலைதான். கீழே தண்ணீர் பாட்டில் ஊரில் விற்பதைவிட மூன்று மடங்கு விலை. கோபப்பட்டுப் பயனில்லை, கோவேறு கழுதை முதுகில் வருகிற தண்ணீர் அது. குளோரின் மாத்திரையோ வடிகட்டியோ கையில் இருந்தால் அந்த 45இல் பாதி மிச்சம்.

வழி தொலைந்துபோகுமா என்று அக்கா பத்துத் தடவை கேட்டாள். பிரதான பாதை நன்றாகத் தெரியும், கழுதைச் சாணியைப் பின்தொடர்ந்தாலே போதும். மேப்ஸ்.மி மாதிரி நெட் இல்லாமல் வேலை செய்கிற வரைபடம் ஒன்றை அரெகிப்பாவிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். குழப்பம் வருவது கபனகோண்டேயிலிருந்து கிளம்பும்போது, ஊரைச் சுற்றியுள்ள சோளக் கொல்லைகளுக்கு நடுவே. நான் அங்கே இருபது நிமிடம் சுற்றினேன். ஒரு பாட்டி, பூவேலைத் தொப்பி போட்டவர், நான் கேட்பதற்கு முன்னாலேயே கையை நீட்டி வழி காட்டிவிட்டு மறுபடியும் களை பிடுங்கப் போய்விட்டார். என்னைப் போலத் தினம் எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ.

பாதை தெரிந்தவர்கள் சான் ஹுவானுக்குப் பதிலாக யாவார் பக்கம் இறங்குகிறார்கள். ஆற்றோரத்திலேயே வெந்நீர்த் தொட்டிகள் இருக்கின்றன, கூட்டம் குறைவு, ஆனால் மறுநாள் சங்கயேக்கு நடை நீளம், நிழல் கிடையாது. இன்னொரு தடவை போனால் நான் அதைத்தான் எடுப்பேன்.

ஸ்பானிஷ் சுத்தமாகத் தெரியாமல், தனி ஆளாக, முதல் மலை நடை என்றால் நாமே போவது வேண்டாம். காலில் சுளுக்கு என்றால்கூட யாரிடம் என்ன சொல்வது என்று தெரியாது, பல இடத்தில் சிக்னல் வராது. அவர்களுக்கு மூன்று நாள் குழு. இரண்டு பேர் இருக்கிறீர்கள், முன்பே மலை ஏறிப் பழக்கம், நாளும் இருக்கிறது என்றால் யோசிக்காமல் நாமே. அறையை இரண்டாகப் பிரித்தால் கணக்கும் உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

ஏற்றமும் கழுதையும்

எந்த வழியில் போனாலும் கடைசி நாள் ஒன்றுதான். சங்கயேயிலிருந்து கபனகோண்டே. இரண்டரை மணி நேரத்தில் ஏறினவர்களும் உண்டு, நான் மூன்றே முக்கால். நாலரைக்குக் கிளம்புவது சடங்கு இல்லை, வெயில் சுவரில் விழுந்துவிட்டால் அந்தப் பாதை அடுப்பங்கல். இருட்டில் அண்ணாந்து பார்த்தால் தலைவிளக்குகள் வளைந்து வளைந்து நட்சத்திரம் வரைக்கும் போகும், எது விளக்கு எது நட்சத்திரம் என்று தெரியாது. அதைப் பார்க்காமல் இருப்பது மனசுக்கு நல்லது.

முடியாது என்று தோன்றினால் கழுதை. அறுபதிலிருந்து எண்பது சோல். முந்தின ராத்திரியே தங்குமிடத்தில் சொல்லி வைக்க வேண்டும், பாதி ஏற்றத்தில் நின்றுகொண்டு கை காட்டினால் கிடைக்காது. பட்ஜெட்டில் இந்த 80 சோலைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள் என்பேன். தேவைப்படாவிட்டால் அரெகிப்பாவில் நல்ல சாப்பாடு.

எல்லாரும் ஏற்றத்துக்குத்தான் பயப்படுகிறார்கள், ஆனால் என்னைப் படுத்தியது இறக்கம். ஆயிரத்துக்கு மேல் மீட்டர் சரளையில் பிரேக் போட்டுக்கொண்டே இறங்கினால் கால் பெருவிரல் ஷூவின் முனையில் இடித்துக்கொண்டே வரும். எனக்கு இரண்டு நகம் கறுத்து, ஊருக்கு வந்த மூன்றாவது வாரம் ஒன்று கையோடு வந்துவிட்டது. நகத்தை ஒட்ட வெட்டுங்கள், அரை சைஸ் பெரிய ஷூ, அரெகிப்பாவில் ஊன்றுகோல் வாடகைக்குக் கிடைக்கும், நாளுக்குப் பத்து சோல்தான். நான் அந்தப் பத்து சோலை மிச்சம் பிடித்தேன்.

உயரத்தைப் பொறுத்தவரை கோல்கா கருணையானது, தூங்குவது கீழேதான். தொல்லை கொடுப்பது வழியில் வருகிற பட்டபம்பா. லிமாவிலிருந்து வந்த மறுநாளே விடிகாலை வேன் பிடிக்காமல் அரெகிப்பாவில் இரண்டு ராத்திரி தங்கினால் பாதிப் பிரச்சினை தீரும். அந்த இரண்டு நாளில் சாந்த்துவாரியோஸ் அந்தினோஸ் அருங்காட்சியகம் போங்கள். 1995இல் அம்பாத்தோ மலைப் பனியில் கிடைத்த ஹுவானித்தா என்கிற இன்காச் சிறுமியின் உடல் அங்கே இருக்கிறது. வேனிலிருந்து நீங்கள் பார்க்கப் போகிற மலைகளில் அம்பாத்தோவும் ஒன்று.

எப்போது? மே முதல் செப்டம்பர் வரை. ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் மழை, பாதையில் கல் உருளும், மேகத்தில் கழுகும் தெரியாது. ஜூலை 28, 29 பெருவின் சுதந்திர தின விடுமுறை, பஸ்ஸில் இடமே கிடைக்காது.

சாப்பாட்டில் சைவம் என்றால் ஒரு எச்சரிக்கை. "சின் கார்னே" (இறைச்சி இல்லாமல்) என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்காராதீர்கள். அங்கே கார்னே என்றால் அநேகமாக மாட்டிறைச்சிதான், கோழி அந்தக் கணக்கில் வராது. சின் போயோ என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொன்னால் கினுவா சூப், சோறு, பொரித்த முட்டை, உருளைக்கிழங்கு. மூன்று நாளும் அதே. நான் ஒரு சின்னப் பொட்டலம் பருப்புப்பொடி கொண்டு போயிருந்தேன், சங்கயேயில் ஒரு பிரெஞ்சுக்காரர் அதை ஸ்பகெட்டி மேலே தூவிச் சாப்பிட்டுவிட்டு இது என்ன மிளகாய் என்று கேட்டார்.

வேறு பள்ளத்தாக்கு எதுவும்?

கோல்காவே வேண்டாம், எல்லாரும் போகிற இடம் என்று சொல்கிறவர்களுக்கு இரண்டு. கோட்டவாசி, இன்னும் ஆழம், சுமார் 3,500 மீட்டர்; அரெகிப்பாவிலிருந்து ஒரு ராத்திரி முழுக்க பஸ். கூட்டமே இல்லை, ஆனால் போக ஒரு நாள் வர ஒரு நாள் என்று கணக்கு வையுங்கள். இன்னொன்று சோக்கெகிராவ், குஸ்கோ பக்கம், அபுரிமாக் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு மேலே இருக்கும் இன்கா நகரம். கச்சோராவிலிருந்து போய், 1,400 மீட்டர் இறங்கி, ஆற்றைத் தாண்டி, 1,500 மீட்டர் ஏறி, வந்த வழியே திரும்ப அதே இறக்கம், அதே ஏற்றம். நான்கு நாள். குழுவோடு என்றால் செலவு டாலரில் மூன்று இலக்கம். கோல்காவில் இரண்டு நாள் நடையே திணறலாக இருந்தால் இதைத் தொடாதீர்கள். கோல்கா போதவில்லை என்று தோன்றினால் அடுத்தது இதுதான்.

பட்ஜெட்டில் விட்டுப்போகிறவை

நடைச் செலவைப் பைசா சுத்தமாகக் கணக்குப் போடுகிறவர்கள் இதில் கோட்டை விடுகிறார்கள். விசா: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஷெங்கன் இதில் எதாவது ஒன்றின் விசா குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்குப் பெரு விசா தனியாக வேண்டாம். இன்ஷூரன்ஸ்: எத்தனை மீட்டர் உயரம் வரை நடைக்கு ஈடு கிடைக்கும் என்று சின்ன எழுத்தைப் படியுங்கள். நான் முதலில் எடுக்க இருந்த பாலிசி 3,000 மீட்டரோடு நின்றுவிட்டது, கபனகோண்டேயே 3,287. கையில் ரொக்கம்: கபனகோண்டேயில் ஏடிஎம்மை நம்ப வேண்டாம், அரெகிப்பாவிலேயே பத்து, இருபது சோல் நோட்டாக மாற்றிக்கொள்ளுங்கள், நூறு சோல் நோட்டை நீட்டினால் கீழே யாரிடமும் சில்லறை இருக்காது.

முக்கியமாக மஞ்சள் காய்ச்சல் ஊசி. கோல்காவில் அந்தக் கொசு கிடையாது, பெருவும் கேட்காது. கேட்பது நம்மூர் விமான நிலையம். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் என்று இந்தியா வைத்திருக்கும் பட்டியலில் பெருவும் இருக்கிறது, அங்கிருந்து ஆறு நாளைக்குள் இந்தியா வந்து இறங்கும்போது ஊசி போட்டதற்குச் சான்றான மஞ்சள் அட்டை இல்லை என்றால் தனிமைப்படுத்தி வைக்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும், ஆனால் ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொண்டோம். கடைசி வாரத்தில் ஓடாதீர்கள், குறிப்பிட்ட நாளில்தான் போடுவார்கள்.

அப்புறம் கோக்கா இலை. அங்கே ஒவ்வொரு விடுதியிலும் வாசலிலேயே கிண்ணத்தில் வைத்திருப்பார்கள், தலைவலிக்கு டீ போட்டுக் குடிக்கலாம், மெல்லலாம், ஒரு தப்பும் இல்லை. இந்தியாவுக்குள் கொண்டு வருவது போதைப்பொருள் சட்டப்படி குற்றம், டீ பாக்கெட்டாக இருந்தாலும். அக்கா ஆபீசில் எல்லாருக்கும் கொடுக்கலாம் என்று இரண்டு பெரிய பாக்கெட் வாங்கிப் பெட்டிக்குள் புடவைக்கு அடியில் வைத்திருந்தாள். கிளம்புகிற அன்று காலை மாமா பெட்டியைத் திறக்கச் சொல்லி எடுத்து, விடுதி வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கொடுத்தார். அந்தப் பெண் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதற்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டாள். அக்கா சொன்னாள். சந்தையில் இதே பாக்கெட் பாதி விலை என்றாள் அவள்.